காலையில் கறக்கும் தெக்னீசியம்

கொழும்பில் அணு மருத்துவப் பிரிவின் நாள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் தொடங்குகிறது. நோயாளிக்கு ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுக்கும் கதிரியக்கத் தெக்னீசியத்தைத் தரும் ஜெனரேட்டரைப் 'பசு' என்பார்கள். காலையில் கறப்பதால் வந்த பெயர். உள்ளே அலுமினா நிரப்பிய சிறு குழாய். அதில் ஒட்டிய மொலிப்டினம்-99 சிதைந்து தெக்னீசியம்-99எம் ஆகிறது. ஒரு பக்கம் சேலைன் குப்பி, மறுபக்கம் காற்று அகற்றிய குப்பி. வெற்றிடம் இழுக்க, சேலைன் குழாய் வழியே ஓடித் தெக்னீசியத்தைக் கழுவிக்கொண்டு வரும். பாதியில் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குப்பியின் வெற்றிடத்தை.

1938இல் பேர்க்லியில் எமிலியோ செக்ரேயுடன் சேர்ந்து இந்தத் தெக்னீசியம்-99எம்மை இனங்கண்டவர் கிளென் சீபோர்க். அதே ஆண்டு, ஜோசப் ஹாமில்டன் என்ற மருத்துவ ஆய்வாளருக்கு ஒரு குறை: கையில் இருந்த கதிரியக்க அயடின் 25 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது, ஒரு வாரமாவது நிற்பது வேண்டும். சீபோர்க்கும் ஜோன் லிவிங்குட்டும் கொடுத்த அயடின்-131இன் அரைவாழ்வு 8 நாள். சீபோர்க் என்றால் 1941இன் புளூட்டோனியம், 1951இன் நோபல் பரிசு, 106ஆம் மூலகம் என்றுதான் பேச்சு. இருக்கட்டும். அணு உலை இல்லாத நாட்டில் அந்த 8 நாள்தான் பெரிது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குமுன் கரைந்துபோகும் சரக்கை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது.

மொலிப்டினத்தின் அரைவாழ்வு 66 மணித்தியாலம். வெள்ளி காலை இருந்த வலுவில் திங்கள் காலை மிஞ்சுவது 47 சதவீதம். திங்களில் போயா விடுமுறை விழுந்தால் செவ்வாயன்று 36.

அளவு குறைவதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கறக்காமல் கிடக்கையில் 99எம் சிதைந்து, நெடுங்காலம் வாழும் தெக்னீசியம்-99 ஆகக் குழாயிலேயே சேரும். 24 மணித்தியாலத்தில் கறந்தால் வரும் தெக்னீசிய அணுக்களில் ஏறத்தாழ 28 சதவீதம் 99எம். 72இல் கறந்தால் 8 சதவீதமும் தேறாது. தெக்னீசியத்தை ஸ்கேன் மருந்தோடு சேர வைப்பது கிட்டிலுள்ள (மருந்துக் குப்பியிலுள்ள) வெள்ளீயம்; அதற்கு 99எம், 99 இரண்டும் ஒன்றுதான். வெள்ளீயம் குறைந்த கிட்டுகளில் அது பயனற்ற அணுக்களிலேயே தீர்ந்துவிட, மிச்சம் பெர்டெக்னெட்டேட்டாகவே, அதாவது மருந்தோடு சேராத தெக்னீசியமாகவே, உடலில் சுற்றும். எலும்பு ஸ்கேனில் தைரொயிட்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரிந்தால் இந்தப் பெர்டெக்னெட்டேட்டைத்தான் நினைக்க வேண்டும். சிரிஞ்சில் இருந்த காற்றைக் கிட்டுக்குள் தள்ளியவரும் இதே படத்தைத்தான் பார்ப்பார்: ஒட்சிசன் வெள்ளீயத்தைத் தின்றுவிடும். எவ்வளவு திரவம் ஏற்றினோமோ அவ்வளவு வாயுவை அதே சிரிஞ்சில் இழுத்துவிட வேண்டும். நீண்ட விடுமுறைக்குப் பின் முதல் கறவையை ஒதுக்கிவிட்டு, சில மணித்தியாலம் பொறுத்து மறுபடி கறப்பது நல்லது. வெளியே வாங்கில் நோயாளிகள் காத்திருக்கையில் இதைச் சொல்லக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.

கறவையோடு மொலிப்டினமும் கசிந்து வந்ததா என்று பார்க்கக் குப்பியை ஈயக் கூட்டுக்குள் வைத்து அளப்பார்கள். தெக்னீசியத்தின் 140 கிலோ எலெக்ட்ரோன் வோல்ற் கதிர் ஈயத்தில் அடங்கிவிடும். மொலிப்டினத்தின் 740 ஊடுருவி வரும். ஒரு மில்லிகியூரி தெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மொலிப்டினம்தான் எல்லை, அதுவும் ஊசி போடும் நேரத்தில். தெக்னீசியம் வேகமாகக் குறைய, விகிதம் ஏறிக்கொண்டே போகும். காலை 7 மணிக்கு 0.05 என்று பதிந்த குப்பியை இரவு 7 மணிக்கு அவசர ஸ்கேனுக்கு எடுத்தால் 0.17ஐத் தாண்டியிருக்கும். கொடுக்க முடியாது, மறுபடி கறக்க வேண்டியதுதான்.