“நான் இன்னும் சரியாகலையேக்கா”: தம்பியின் உறுதிபூசுதலுக்கு நாங்கள் அலைந்த கதை

ஒருவழியாகத் தம்பிக்கு உறுதிபூசுதல் முடிந்தது. ஞானஸ்நானம் பெற்றவருக்கு எண்ணெய் பூசிப் பரிசுத்த ஆவியின் அருளைத் தரும் கத்தோலிக்க அருளடையாளம் (திருச்சடங்கு) அது. மதுரையில் எங்கள் பங்குக்கு (கோயில் வட்டாரத்துக்கு) பேராயர் வந்து கொடுத்தார், திருப்பலி நன்றாக நடந்தது. அதற்கு முன்னால் பட்ட பாட்டைத்தான் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த வருடம் உங்கள் வீட்டிலும் பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற ஒரு பிள்ளை இதே நிலைமையில் இருக்கலாம்.

முதல் தலைவலி, உறுதிபூசுதலுக்குக் கேட்ட ஞானஸ்நான சர்டிபிகேட். அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போனதால் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது வத்தலக்குண்டு பக்கம் பாட்டி ஊரில். போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை, சரி நேரிலேயே போய்விடலாம் என்று நானும் அம்மாவும் லீவு போட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். போனது திங்கட்கிழமை, பங்கு அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மட்டும் இருந்தார். “ஃபாதர் கிளைக் கிராமத்துக்குப் போயிருக்காரும்மா, கிளார்க் நாளைக்குத்தான் வருவார்” என்றார். அன்றைக்கு முழுதும் வீண்.

மறுபடி போனபோது கிளார்க் இருந்தார். தம்பியின் பிறந்த தேதியைச் சொன்னோம், இரண்டு பக்கம் புரட்டிவிட்டு “அப்படி ஒரு பேரே இல்லையே” என்று பதிவேட்டை மூடிவிட்டார். அதில் வரிசையாக எழுதியிருப்பது ஞானஸ்நானம் கொடுத்த தேதியை வைத்து, அந்தத் தேதியோ எங்களுக்குத் தெரியாது. வெளியே வந்து பாட்டிக்குப் போன் போட்டேன். “சவேரியார் திருநாள் முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமைடி” என்று யோசிக்காமல் சொன்னார். சவேரியார் திருநாள் டிசம்பர் 3, அதற்கடுத்த ஞாயிறைத் தேடச் சொன்னால் அந்தப் பக்கத்திலேயே இருந்தான், ஆனால் தாத்தாவின் பெயரில்! பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் என்பதால் தர முடியாது என்றார் கிளார்க். ஃபாதர் வரும்வரை காத்திருந்து, அவர் அப்பா அம்மா பெயரைச் சரிபார்த்து, இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. போவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் ஞானஸ்நானத் தேதியையும், அன்றைக்கு வைத்த பெயரையும், ஞானப்பெற்றோர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

உறுதிபூசுதலிலும் பிள்ளைக்குத் துணையாக ஒரு ஞானத்தகப்பன் நிற்க வேண்டும், அப்பாவே நிற்கிறேன் என்றார். பெற்றோர் நிற்கக் கூடாது என்பது சட்டம். ஞானஸ்நானத்தில் நின்றவரே இதற்கும் நிற்பது நல்லது என்பதால் திருப்பூரிலிருந்து மாமா வந்தார்.

பேப்பர் வேலை இவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது வேறு விஷயம். அரையாண்டுத் தேர்வில் தம்பி பிட் வைத்து மாட்டிக்கொண்டான். பள்ளியில் கூப்பிட்டு விட்டார்கள், வீட்டில் அதை மறைக்கப் பொய் சொன்னான், எல்லாம் நடந்தது, அதில் அவன் பக்கம் நியாயம் எதுவும் இல்லை. அது எப்படியோ மறைக்கல்வி சொல்லித்தருகிறவர் காதுக்குப் போய்விட்டது. பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளையும் பன்னிரண்டு கனிகளையும் தப்பில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்த பையனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, “பிட் அடிக்கிறவனுக்கு எதுக்குடா பரிசுத்த ஆவி? திருந்திட்டு அடுத்த வருஷம் வா” என்று சொல்லி, பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்.

அவர் சொன்னதைவிட, தம்பி அதை ஒத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. “சார் சொல்றது சரிதானேக்கா, நான் இன்னும் சரியாகலையே, வேண்டாம் விடு” என்றான். பதினாறு வயதுப் பையன், இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். தகுந்த முறையில் கேட்டு, தகுந்த மனநிலையோடு வருகிறவருக்கு, சட்டத்தில் தடை ஏதும் இல்லையென்றால் அருளடையாளங்களை மறுக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 843 சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் உறுதிபூசுதலைப் பற்றிய பகுதியில் 1308-ஆவது எண்ணைப் பாருங்கள், ஞானஸ்நானத்தின் அருளே நம்முடைய தகுதியைப் பார்க்காமல் கடவுள் தேர்ந்துகொண்டு தருவது என்று இருக்கிறது. முழுசாக வளர்ந்து முடித்தவனுக்குத் தருகிற நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை உறுதிபூசுதல், வளர்ந்துகொண்டிருப்பவனுக்குத் துணையாக வருவது.

பங்குத்தந்தையிடம் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன், தேவைப்படவில்லை. “அவனைக் கூட்டிட்டு வாம்மா” என்றார். தம்பியிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இயேசுவைக் கைது பண்ணினப்போ சீடருங்க என்ன பண்ணாங்க?” “ஓடிட்டாங்க ஃபாதர்.” “பேதுரு?” “மூணு தடவை தெரியாதுன்னு சொன்னாரு.” “பெந்தக்கோஸ்து அன்னிக்கு ஆவி யார் மேல இறங்குச்சு?” ஓடிப்போன அதே சீடர்கள் மேல்தான். தம்பி பதில் சொல்லவில்லை, அவன் கண் கலங்கிவிட்டது. பட்டியலில் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். நல்ல செயலை உங்களுக்குள் தொடங்கினவர் அதை முடித்துவைப்பார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய இடத்தை, முதல் அதிகாரம் ஆறாம் வசனம், தினமும் படிக்கச் சொன்னார்.

உறுதிபூசுதலுக்கு முன்னால் ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) வேறு பங்கிலிருந்து குரு வந்திருந்தார். உள்ளே நடந்ததைத் தம்பியே அப்புறம் என்னிடம் சொன்னான். “இனிமே இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டேன்னு அடிச்சுச் சொல்ல முடியலை ஃபாதர்” என்றானாம். “விட்டுடணும்னு மனசார நினைக்கிறியா?” “ஆமா ஃபாதர்.” “அது போதும், மீதியைக் கடவுள்கிட்டக் கேளு” என்றாராம். பிள்ளைகளை ஒப்புரவுக்கு அனுப்பும்போது கடைசி நாள் கூட்டத்தில் அனுப்பாதீர்கள், அன்றைக்கு யாருக்கும் இப்படிப் பேச நேரம் இருக்காது.

போன வாரம் அம்மாவோடு சண்டை போட்டுக் கதவை அறைந்து சாத்தினான். “பாத்தியாக்கா, எண்ணெய் பூசியும் ஒண்ணும் மாறலை” என்று அவனே வந்து சொன்னான். முன்பெல்லாம் இப்படி ஒரு சண்டை நடந்தால் நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டான். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவனாகப் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான், நான் எதுவும் சொல்லவில்லை. அருள் இப்படித்தான் வேலை செய்யும் என்று நம்புகிறேன், ஜெபிக்கவும் செய்கிறேன்.

கடைசியாக ஒன்று. உறுதிபூசுதல் பெற்ற விவரத்தை ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். வேறு ஊரில் ஞானஸ்நானம் என்றால் உங்கள் பங்கிலிருந்து தகவல் போய்விட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், கல்யாணத்துக்கு ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதும் சமயத்தில் இதற்காக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களுடையது இன்னும் ஏறவில்லை, பாட்டி ஊருக்கு மறுபடியும் போக வேண்டும். இந்தத் தடவை தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறான்.