பரிந்துரை விலை 24.99, கடையில் 39.99: நடுவில் இருக்கும் கணக்கு

அமெரிக்காவில் இருக்கும் சின்னப் பொம்மைக் கடைகளுக்கு முதல் முறை போகும் நம்மவர்களுக்கு ஒரு திகைப்பு காத்திருக்கும். கம்பெனி தளத்தில் 24.99 டாலர் என்று போட்டிருக்கும் ஆக்‌ஷன் ஃபிகர் (சினிமா, காமிக்ஸ் கதாபாத்திரப் பொம்மை), கடைச் சுவரில் 39.99 என்ற ஸ்டிக்கரோடு தொங்கும். "எம்.ஆர்.பி.க்கு மேலே எப்படி விற்கலாம்?" என்று உடனே கேட்கத் தோன்றும். இந்தியாவில் பழகியவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். இங்கே பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-இன்படி அது குற்றம். அந்த விலைக்குள் எல்லா வரியும் அடக்கம்.

அங்கே கம்பெனி போடும் எம்.எஸ்.ஆர்.பி., அதாவது பரிந்துரை விலை, என்பது வேறு சரக்கு. உற்பத்தியாளர் "இந்த விலைக்கு விற்கலாம்" என்று சொல்லும் ஒரு யோசனை, அவ்வளவுதான். விற்பனை வரி அதில் சேராது, பில் போடும்போது தனியாக ஏறும். பெரும்பாலான பொம்மைப் பெட்டிகளில் விலை அச்சிடப்படுவதே இல்லை. கடைக்காரர் அதற்குக் கீழும் விற்கலாம், மேலும் விற்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலையைப் பற்றி அமெரிக்காவில் நடந்த சட்டச் சண்டைகளில் பெரும்பாலானவை "இதற்குக் கீழே போகக் கூடாது" என்பதைப் பற்றியவை. 1930-களில் பல மாநிலங்கள் 'நியாய வணிக'ச் சட்டம் என்ற பெயரில், உற்பத்தியாளர் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க அனுமதித்தன. 1937-இல் மில்லர் டைடிங்ஸ் சட்டம் அதற்கு மத்திய அரசின் பாதுகாப்பையும் தந்தது. 1975-இல்தான் அந்தப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. உற்பத்தியாளர் உச்ச விலை வைப்பது தன்னளவிலேயே சட்டவிரோதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் ஸ்டேட் ஆயில் எதிர் கான் வழக்கில் சொன்னது. அப்படியிருந்தும் பொம்மைக் கம்பெனிகள் கடை கடையாகப் போய் உச்ச விலையைக் கண்காணிப்பதில்லை. அவர்கள் கண்காணிப்பது விளம்பர விலையை. தாங்கள் சொன்ன விலைக்குக் கீழே போட்டு விளம்பரம் செய்தால் சரக்கை நிறுத்திவிடுவார்கள். மேலே போட்டால் பொதுவாகக் கேட்க ஆள் கிடையாது.

சரி, மேலே ஏன் போடுகிறார்கள்? அதற்கு முதலில் அந்த 24.99 யாருடைய கணக்கு என்று பார்க்க வேண்டும். பெரிய கடைத் தொடர்களான வால்மார்ட்டும் டார்கெட்டும் பொம்மையை நேரடி இறக்குமதியாக, சீனத் துறைமுகத்திலேயே கண்டெய்னர் கணக்கில் வாங்குகின்றன. பணம் கொடுக்க 60, 90 நாள் தவணை உண்டு. சின்னக் கடைக்காரர் அதே பொம்மையை அமெரிக்காவில் இருக்கும் கிடங்கிலிருந்து, பல சமயம் விநியோகஸ்தர் வழியாக, அட்டைப்பெட்டிக் கணக்கில் வாங்குகிறார். முதல் ஆர்டருக்கு முன்பணம், பழகிய பிறகு 30 நாள் கடன். பரிந்துரை விலை முன்னவருடைய செலவை வைத்துப் போடப்பட்டது. பின்னவருடைய அடக்க விலை அதில் எங்கேயும் இல்லை.

மரப் பொம்மை, புதிர், கைவேலைப் பெட்டி விற்கும் கடைகளில் வித்தியாசம் சிறியது. அங்கே பழைய வழக்கம் 'கீஸ்டோன்': வாங்கிய விலையை இரண்டால் பெருக்கினால் விற்கும் விலை. ஒரு மரப் புதிரின் மொத்த விலை 12 டாலர், பரிந்துரை 24 என்று வையுங்கள். பார்சல் கூலி ஒன்றுக்கு 1.40 ஆனால் அடக்கம் 13.40. அதை 24-க்கு விற்றால் மார்ஜின் 44 சதவீதம்தான். ஐம்பதைத் தொட 27 போட வேண்டும். அந்த மூன்று டாலர் முழுக்கப் பார்சல் கூலியிலிருந்து வருவது.

பெரிய பெட்டியில் வரும் பொம்மைக்கு இது இன்னும் மோசம். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் கொள்ளளவையும் பார்ப்பார்கள். அங்குலத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 139-ஆல் வகுத்தால் வருவது கொள்ளளவு எடை. பொம்மை வீடு ஒன்று 24 × 18 × 12 அங்குலப் பெட்டியில் வருகிறது. தராசில் 14 பவுண்டுதான். பெருக்கினால் 5,184, வகுத்தால் 37.3. பில் 38 பவுண்டுக்கு வரும். உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கூலி. கண்டெய்னரில் இறக்குபவருக்கு இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இல்லை. சின்னக் கடைக்கு இலவச டெலிவரி கிடைக்க ஒரு குறைந்தபட்ச ஆர்டர் தொகை உண்டு. அதை எட்டுவதற்காகத் தேவையில்லாத சரக்கையும் சேர்த்து வாங்கி மாட்டிக்கொள்கிற கடைகள் நிறைய.

ஆனால் 24.99-ஐ 39.99 ஆக்குவது கூலி மட்டுமல்ல, கலவைப் பெட்டி. ஆக்‌ஷன் ஃபிகர் வியாபாரத்தின் உயிரும் வினையும் இதில்தான் இருக்கிறது. கடைக்காரர் தனக்கு வேண்டிய கதாபாத்திரத்தை மட்டும் பொறுக்கி வாங்க முடியாது. எட்டு பொம்மை கொண்ட பெட்டி வரும். எதில் எத்தனை என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். எல்லாரும் தேடும் புதுமுகம் இரண்டு, ஓரளவு போகக்கூடியது மூன்று, போன சுற்றிலேயே விற்காமல் மறுபடி திணிக்கப்பட்டது மூன்று. கடைசி வகைக்குச் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் பெக்வார்மர். கொக்கியிலேயே தொங்கித் தொங்கி அட்டை வெளுத்துப் போகும் பொம்மைகள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விநியோகஸ்தர் விலை ஒன்றுக்கு 17.50 என்றால் எட்டுக்கு 140. கூலி 16. மொத்தம் 156 டாலர் கையை விட்டுப் போய்விட்டது. எட்டும் 24.99-க்கு விற்றால் 199.92 வரும். கார்டு கட்டணம் 3 சதவீதம், ஏறக்குறைய 6 டாலர். மிச்சம் 38-க்குக் கொஞ்சம் குறைவு. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் இதிலிருந்துதான்.

ஆனால் எட்டும் விற்காது. அந்த மூன்று பெக்வார்மரை ஆறு மாதம் கழித்து 12.99-க்குத் தள்ளிவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பொம்மை 24.99 வீதம் 124.95, மூன்று 12.99 வீதம் 38.97, மொத்தம் 163.92. கார்டு கட்டணம் 4.92 போனால் 159. போட்ட முதல் 156. ஒரு முழுப் பெட்டியை விற்று முடித்து, ஆறு மாதம் சுவரில் இடம் கொடுத்து, மிஞ்சியது மூன்று டாலர். வாடகை கொடுத்தால் அதுவும் நஷ்டம்.

இப்போது அந்த இரண்டு புதுமுகங்களை மட்டும் 39.99 ஆக்குங்கள். மொத்த வரவு 193.92. கார்டு கட்டணம் கழித்து 188.10. மிச்சம் 32.10, அதாவது விற்பனையில் 17 சதவீதம்கூட முழுசாக இல்லை. மரப் புதிர் விற்பவரின் 44 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே வராது. ஸ்டிக்கரில் தெரியும் அந்த 15 டாலர் ஏற்றம் பக்கத்துக் கொக்கியில் தூங்கும் மூன்று பொம்மைகளுக்கான தண்டம். விலையைப் பார்த்து முகம் சுளிப்பவருக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை.

பெரிய கடைகளுக்கும் அதே பெக்வார்மர் வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் விற்காத சரக்கின் விலையைக் குறைக்கும்போது அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை உற்பத்தியாளர் ஏற்றுக்கொள்வது அங்கே வழக்கம். 'மார்க்டவுன் பணம்' என்பார்கள். சின்னக் கடைக்காரருக்கு அந்தப் பேச்சே கிடையாது, நஷ்டம் முழுக்க அவர் தலையில். தவிர, நவம்பர், டிசம்பரில் பெரிய கடைகள் ஆளை உள்ளே இழுப்பதற்காகவே பேர்போன பொம்மைகளை அடக்கத்துக்கும் கீழே விற்கும். பொம்மைக்கு வந்தவர் மளிகையும் துணியும் வாங்கிப் போவார். பொம்மை மட்டுமே விற்கும் கடையில் அந்த நஷ்டத்தை ஏற்றிவைக்க வேறு அலமாரி இல்லை.

அடுத்தது, பெட்டியின் மூலையைப் பாருங்கள். டார்கெட்டுக்கோ வால்மார்ட்டுக்கோ மட்டும் தயாரான பொம்மைகளில் அந்தக் கடையின் பெயரோடு 'எக்ஸ்குளூசிவ்' என்று ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட பொம்மை ஒரு தனிக் கடையில் தொங்கினால் அது மொத்த விலையில் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடைக்காரரே பெரிய கடையில் போய்ச் சில்லறை விலைக்கு வாங்கியிருப்பார், அல்லது யாரோ ஒரு சேகரிப்பாளர் தன் பரணைக் காலி செய்தபோது வாங்கியிருப்பார். முதல் வகையில் பரிந்துரை விலைதான் அவருடைய அடக்க விலை; அதே விலைக்கு விற்றால் சும்மா கை மாற்றியதாகிவிடும். இரண்டாம் வகையில் அட்டையின் முனைகள் கூராக இருக்கின்றனவா, தொங்கவிடும் ஓட்டை குத்தப்பட்டிருக்கிறதா, பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளாகிவிட்டதா, ஓரத்தில் பசை விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்த உழைப்பும் விலையில் இருக்கும். உற்பத்தி நின்றுபோன லெகோ செட்டும் இந்தக் கணக்குதான். நின்ற நாளிலிருந்து அதன் பரிந்துரை விலை வெறும் வரலாறு.

இதுவரை சொன்ன ஏற்றங்களை நான் நியாயம் என்றே சொல்வேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஹாட் வீல்ஸ் சாதாரண வரிசை 72 கார் கொண்ட பெட்டியில் வருகிறது. ஒன்று ஒன்றேகால் டாலருக்குக் குழந்தை எடுத்துப்போக வேண்டிய சாமான். பெரிய கடையில் பெட்டி பிரிக்கும் நேரம் பார்த்துப் போய், நல்லதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, சாதாரண கார்களையே 5 டாலர் ஸ்டிக்கரோடு தொங்கவிடும் கடைகளும் உண்டு. அதில் பெக்வார்மர் தண்டம் இல்லை, கலவைப் பெட்டி இல்லை, விநியோகஸ்தர் இல்லை. குழந்தை கைக்குப் போகவேண்டியதை நடுவில் மறித்துக் காசாக்குவது மட்டும்தான் இருக்கிறது. 1983-இல் கேபேஜ் பேட்ச் பொம்மைக்கும், 1996-இல் சுமார் 30 டாலர் டிக்கிள் மீ எல்மோவுக்கும் நடந்ததும் இதே மறிப்புதான். விலைக் கொள்ளைத் தடுப்புச் சட்டங்கள் பெரும்பாலும் ஆபத்துக் கால அத்தியாவசியப் பொருட்களுக்கானவை. பொம்மையை அவை தொடாது.

2025-இல் இன்னொரு விஷயமும் சேர்ந்தது. அமெரிக்காவில் விற்கும் பொம்மைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் சீனத் தயாரிப்பு. அந்த ஏப்ரலில் சீனச் சரக்குக்கான கூடுதல் வரி 145 சதவீதம் வரை போனது, மே மாதம் 30 ஆக இறங்கியது. இப்படி ஏறி இறங்கும்போது மொத்த வியாபாரிகள் பட்டியல் விலையைத் தொடாமல் பில்லின் அடியில் 'வரிக் கூடுதல்' என்று தனியாக ஒரு தொகை சேர்ப்பார்கள். பரிந்துரை விலை அப்படியே நிற்கும், அடக்கம் மட்டும் ஏறும். அந்தச் சமயத்தில் கடையில் ஸ்டிக்கர் மாறியதற்குக் கடைக்காரரின் பேராசை காரணமல்ல.

வாங்குபவர் என்ன செய்யலாம்? முதலில் ஒப்பிடுவதைச் சரியாக ஒப்பிட வேண்டும். தளத்தில் 24.99 என்றால், அது இப்போது ஸ்டாக்கில் இருக்கிறதா, டெலிவரிக் கட்டணம் சேர்த்து எவ்வளவு என்று பாருங்கள். ஒரே ஒரு பொம்மைக்கு 8 டாலர் கூலி ஆனால் 33 ஆகிவிட்டது. அப்புறம் கடைக்காரரிடம் நேராகவே கேட்கலாம்: "இது விநியோகஸ்தரிடமிருந்து வந்ததா, வெளியே வாங்கியதா?" கலவைப் பெட்டியில் வந்தது என்றால் பெரும்பாலானவர்கள் மறைக்க மாட்டார்கள்.

குறிப்பிட்ட கதாபாத்திரம்தான் வேண்டும் என்றால் சரக்கு வருவதற்கு முன்பே முன்பதிவு செய்வதுதான் நல்ல வழி. பெட்டி ஆர்டர் செய்யும்போதே இரண்டு பொம்மைக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கடைக்காரருக்கு அபாயம் குறைகிறது. பல கடைகள் முன்பதிவுக்குப் பரிந்துரை விலையையோ அதற்கு ஒட்டியோ வைப்பார்கள், சரக்கு வந்து சுவரில் தொங்கிய பிறகுதான் ஏற்றுவார்கள். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து முழுப் பெட்டியாக எடுத்துக்கொள்கிறோம் என்றால் பேரத்துக்கு இன்னும் இடம் உண்டு. பெக்வார்மர் உங்கள் பங்குக்கு வந்துவிடுவதால் அவருக்குத் தண்டம் இல்லை. புதுமுகத்தோடு இரண்டு பெக்வார்மரையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாலும் மொத்த விலை கணிசமாக இறங்கும்.

பெட்டியைப் பிரித்து விளையாடப் போகிற குழந்தைக்கு வாங்குபவர்கள் முனை நசுங்கிய பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். சேகரிப்பவர் அதைத் தொடமாட்டார் என்று கடைக்காரருக்குத் தெரியும். சுவரில் 39.99-க்குத் தொங்கும் அதே பொம்மையை, உள்ளறையில் இருக்கும் நசுங்கிய பெட்டியிலிருந்து 24.99-க்கே எடுத்துக் கொடுப்பார்.