தாப்பாவில் கறுப்புப் பைனுக்கு 42 நாள் குளிர்காலம்

நேற்றுக் காலை என் கறுப்புப் பைன் கன்றில் கேண்டில், அதாவது மெழுகுவத்தி மாதிரி நிமிரும் புதுத் தளிர், கிளம்பிவிட்டது. ஐந்து மொட்டும் ஒரே சமயத்தில், வெள்ளைச் செதிலைத் தள்ளிக்கொண்டு, சுண்டுவிரல் நகம் உயரத்துக்கு நிற்கின்றன. மூன்று வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன். மலேசியாவில் எங்கள் தாப்பாச் சூட்டில் இது ஓய்வே எடுக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தளிர்விட்டு இளைத்துக் கிடந்தது.

இதோடு வாங்கிய இன்னொரு கன்று போன வருடம், குளிர்கால ஓய்வு கொடுக்க நான் வைத்த ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜ்) செத்தது. 4 டிகிரி, இருட்டு, ஆறு வாரம், எல்லாம் கணக்குப்படிதான் வைத்தேன். ஊசியிலை நுனியிலிருந்து பழுப்பேறி, வெளியே எடுத்த இரண்டாம் வாரம் முழுக்க உதிர்ந்துவிட்டது. குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன். தப்பு. ஜப்பானில் பனி விழும் கடற்கரையிலும் வளர்கிற மரம் இது. கொன்றது காற்று.

பனி கட்டாத வகைப் பெட்டிக்குள் ஒரு விசிறி ஓடும். அது இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த வேரோ தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். குளிர்நாடுகளிலும் இதே தொல்லை உண்டு. மண் உறைந்து கிடக்கும்போது வெயிலும் காற்றும் அடித்தால் இலை கருகிவிடும். தொட்டியை விளிம்பு வரை மண்ணில் புதைத்து, வைக்கோல் பரப்பி, காற்றுப் படாத சுவரோரம் வைப்பார்கள். கிளையைவிட வேருக்குக் குளிர் தாங்கும் சக்தி குறைவு என்பதும் ஒரு காரணம்.

சரி, இந்த முறை முழுக் கன்றையும் பிளாஸ்டிக் பையில் மூடினேன். ஒன்பதாம் நாள் இலைக்கொத்துக்குள் நீர்முத்து, அடியில் சாம்பல் பூஞ்சை. பஞ்சால் ஒவ்வோர் ஊசியாகத் துடைத்தேன். அப்புறம் தொட்டியை மட்டும் பையில் கட்டி, தண்டைச் சுற்றி இறுக்கி, மேலே தலையைத் திறந்து விட்டேன். விசிறிக்கும் கன்றுக்கும் நடுவே ஓர் அட்டை.

தண்ணீர்தான் உண்மையான பாடு. விரலை நம்பவே கூடாது. குளிர்ந்த மண் காய்ந்திருந்தாலும் தொட்டால் ஈரம் மாதிரியே இருக்கும். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், பாலை நிறுக்கும் ஸ்டோர் தராசு முன்னால் நின்று வளர்ந்தவள் நான். எடைதான் எனக்குத் தோன்றியது. நனைத்து வடியவிட்டால் 1,140 கிராம். 1,050-க்கு இறங்கினால் மட்டும் தண்ணீர். 42 நாளில், அதாவது 1,008 மணி நேரத்தில், மூன்றே முறை ஊற்றினேன்.

நேராக உள்ளே வைக்கவும் இல்லை. முதலில் மூன்று வாரம் கேமரன் மலையில், தானா ராத்தாவில் சித்தப்பாவின் காய்கறித் தோட்டத்தில் இருந்தது. சுமார் 1,400 மீட்டர் உயரம், இரவில் 15, 16 டிகிரி வரை இறங்கும். பைனுக்கு அது குளிர்காலமே இல்லை, ஆனால் 32 டிகிரியிலிருந்து 4-க்கு நடுவே ஒரு படி. பெட்டிக்குள் வைத்தது பிப்ரவரியில், எங்கள் பால்மரங்கள் (ரப்பர்) இலை கொட்டி நிற்கும் சமயம். அதற்குக் காரணம் வறட்சிதான். இருந்தாலும் வெளியே மரங்கள் மொட்டையாக நிற்கும்போது இதையும் தூங்க வைத்ததில் எனக்கு ஒரு திருப்தி.

ஐஸ்பெட்டி பழைய சாமான் கடையில் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. திருகில் 4 என்று இருக்கும். தொட்டி பக்கத்தில் வெப்பமானி வைத்தால் 9. கடைக்காரர், "பழசுன்னா அப்படித்தான்க்கா" என்று முடித்துவிட்டார். வாங்குகிறவர்கள் தனி வெப்பமானி வைத்தே பாருங்கள். அதில் பழம் வைக்க அம்மா இடம் கேட்டார், நான் விடவில்லை. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும்.

அடுத்து லார்ச் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தின் விதை. அதற்கும் முளைக்குமுன் ஈரக் குளிர் கொடுக்க வேண்டும், பெட்டியின் கீழ்த்தட்டு காலியாகத்தான் இருக்கிறது. கேண்டிலை இந்த வருடம் கிள்ளப் போவதில்லை, ஓடட்டும். கன்று இப்போது பின்வாசலில் நிழல்வலைக்கு அடியில் இருக்கிறது. இன்றைய எடை 1,090. நாளைக் காலை ஒரு மணி நேரம் வலையை விலக்கிப் பார்க்கப் போகிறேன்.