அம்பாசிடரின் பின் பட்டை புஷ்ஷும் அச்சின் நேரும்

பழைய அம்பாசிடர் ஒரு பக்கமாக இழுத்தால், உடனே முன் சக்கர அலைன்மென்ட் பார்க்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வழக்கம். எங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் மலையேறி இறங்கும் வண்டிகளைப் பொறுத்தவரை, முதலில் குனிந்து பார்க்க வேண்டியது பின்பக்கத்தைத்தான் என்பது என் கருத்து. பின் அச்சை நேராகப் பிடித்து வைத்திருப்பவை எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள்; அவற்றைப் பாடியோடு இணைக்கும் இடங்களில் இருப்பவை புஷ்ஷுகள் எனப்படும் ரப்பர் உறைகள். ஒரு பக்கத்துப் பட்டையின் முன்முனைப் புஷ் தேய்ந்துவிட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அந்தப் பக்கச் சக்கரம் சற்று முன்னாலும், பிரேக் பிடிக்கும்போது சற்றுப் பின்னாலும் நகர்வதால், ஸ்டியரிங்கைத் தொடாமலேயே வண்டி திசை மாறும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில், மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்கும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்ற சத்தமும் ஒரு சிறு அசைவும் வரும்.

சோதிப்பதற்குச் சமதரை வேண்டும். நீலகிரியில் அதைத் தேடுவதே பாதி வேலை. ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அதனால் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் அடைகல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்த பின்பே அடியில் போக வேண்டும். பட்டையின் கண்ணுக்கும் (அதன் முனையில் உள்ள வளையம்) அதைப் பாடியில் தாங்கும் பிராக்கெட்டுக்கும் இடையே நீண்ட லீவரைக் கொடுத்து மெல்ல நெம்பினால், நல்ல புஷ் சற்றே இளகிக் கொடுத்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். கெட்டுப்போனது தடையின்றி ஆடும். கண்ணின் ஓரத்தில் ரப்பர் நாக்குப்போல் பிதுங்கியிருப்பதும், பட்டையின் பின்முனையைப் பாடியோடு இணைத்து ஆடும் ஷாக்கிள் தகடு பட்டையில் உரசி அந்த இடம் மட்டும் துருவின்றிப் பளபளப்பதும் லீவர் இல்லாமலே கண்ணில் படும்.

அச்சின் நேரை அளக்கக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது, இரு பக்கமும் பட்டையின் முன்கண் போல்ட்டிலிருந்தும் அச்சின் மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, நேர்த் தூரத்தையும் மூலைக்கு மூலையான குறுக்குத் தூரத்தையும் ஒப்பிட வேண்டும். பட்டைகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லிமீட்டர் வேறுபாடே அச்சைக் கால் பாகைக்கு மேல் திருப்பிவிடும். பிறகு நேர்ச் சாலையிலும் ஸ்டியரிங்கைச் சாய்த்தே பிடிக்க வேண்டியதுதான். புஷ் நன்றாக இருந்தும் அளவு பொருந்தாவிட்டால், பட்டை அடுக்கை நடுவில் கோத்து அச்சை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு அதன் இருக்கையிலிருந்து நழுவியிருக்கக்கூடும். இந்த அமைப்பில் பின்பக்கத்தைத் திருத்தத் திருகு எதுவும் கிடையாது. கணினி அலைன்மென்ட் கோணலைக் காட்டும், ஆனால் நிமிர்த்தாது.

எங்கள் ஊர் மூடுபனியிலும் மழையிலும் ஷாக்கிள் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். அவற்றைக் கழற்ற ஊற்றிய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பின்பே புது ரப்பரை ஏற்ற வேண்டும். சாதாரண கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும், சோப்புத் தண்ணீரே போதுமானது.

பலரும் பொருட்படுத்தாத ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுவதும் இறுக்கவே கூடாது. அப்படி இறுக்கினால், வண்டியை இறக்கியதும் பட்டை நிமிர்ந்து, இறுகிப்போன ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறியே நிற்கும். வெகு சீக்கிரம் கிழியும். நட்டுகளைத் தளர்வாகப் போட்டு, வண்டியை இறக்கி, டிக்கியை நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிட்டு, பாரம் முழுதும் சக்கரங்களில் இருக்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். அச்சைப் பட்டையோடு பிடித்துக் கட்டும் யூ போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அவற்றை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, அப்போதே சாக்பீஸ் அளவையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.