மீட்ட பிறகு தொடங்கும் வேலை

சமூகப்பணியில் முதுகலை முடிக்கும் தறுவாயில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். மனிதவளத் துறையில் வேலை தேடி ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுவதா, இல்லை, ஆதரவற்ற குழந்தைகள், நொடிந்த குடும்பங்கள், வீடற்றவர்கள் என்று இங்கேயே டெல்டாவில் நின்றுவிடுவதா? திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் நெடுநாளாக இந்தப் பணியில் இருப்பவள் என்ற முறையில், நின்றுவிடுங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் எது நம் வேலை என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். ஒரு சிறுவனைக் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்பது ஒரு நாளில் முடிந்துவிடும். செய்தித்தாளில் படமும் வரும். அதற்குப் பிறகு வரும் மாதங்களில் அவன் வீட்டு வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் நிற்பதுதான் நம் தொழில். அதற்குப் படமும் இல்லை, பெரும்பாலும் பயணப்படியும் இல்லை.

காவிரிக் கரையில் வறுமைக்கும் ஒரு பருவம் உண்டு. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை, பின்பு சம்பா, தாளடி என்று மாசி வரை ஏதோ ஒரு வேலை கிடைக்கும். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அறுப்புக் கூலியும் சுருங்கிவிட்டது. அதன்பின் வரும் கோடை மாதங்கள்தான் நிலமற்ற குடும்பங்களை உலுக்கும் காலம். முன்பணத்தோடு ஆட்கள் ஊருக்குள் வருவதும் அப்போதுதான்: அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போடவும் வாத்து மேய்க்கவும் பையன்கள் வேண்டும், மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்து, குடிசைகளையும் தென்னந்தோப்புகளையும் ஒரே இரவில் சாய்த்த பிறகு, இந்த முன்பணம் எவ்வளவு எளிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது என்பதை நாங்கள் கண்கூடாகப் பார்த்தோம்.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய எதையும் சொல்ல மாட்டேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, தடை செய்யாவிட்டாலும் சொல்லக் கூடாது. கிடையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனை மீட்டு, சட்டம் சொல்கிறபடி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாயிற்று. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் விடுதலைச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்தாயிற்று. குழுவுக்குச் சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டியிருந்ததால் அவன் வீட்டுக்குப் போனேன். கூரைமேல் நீலத் தார்ப்பாய், அதன் நான்கு மூலையிலும் செங்கல். அவன் அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். உள்ளே இருந்தவை எல்லாம் குழுக்கடன் அட்டைகள். ஒன்றுக்குச் செவ்வாய்க்கிழமை தவணை, இன்னொன்றுக்கு வியாழக்கிழமை. “நீங்க இன்னைக்கு வந்துட்டுப் போயிடுவீங்க மேடம். செவ்வாக்கிழமை தவணைக்கு வந்து உக்காருவாங்களே, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று கேட்டார். என்மேல் அவருக்குக் கோபம் ஒன்றுமில்லை. நிஜமாகவே பதில் தெரியாமல்தான் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தெரிந்தவர்தான் சமூகப் பணியாளர். ‘குடும்பம் வறுமை நிலையில் உள்ளது’ என்று ஒரு வரி எழுதி முடிக்கப்பட்ட அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துக் குழுவால் எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்தக் கடன், எவ்வளவு பாக்கி, எந்தக் கிழமை தவணை, பள்ளி எவ்வளவு தூரம், மாற்றுச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது, அப்பா எந்த ஊரில் வேலை செய்கிறார், குடிப்பழக்கம் உண்டா, பாட்டி உடன் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுத வேண்டும். இதற்குச் சட்டம் தரும் காலம் 15 நாட்கள். இப்படி எழுதினால்தான் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதாரில் உள்ள பெயருக்கும் பள்ளியில் உள்ள பெயருக்கும் ஒரு புள்ளி வேறுபாடு என்று ஒவ்வொரு காகிதமும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். அவரோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்பதும் நம் வேலையே. கல்லூரியில் இதைப் பாடமாக வைப்பதில்லை. வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீடற்றவர்களிடம் இந்தத் தொடர்ச்சி இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கும்பகோணம், நாகூர், வேளாங்கண்ணி, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் என்று நம் புண்ணியத் தலங்கள் எல்லாவற்றிலும் வீட்டாரால் கைவிடப்பட்ட முதியவர்களும் மனநோய் உள்ளவர்களும் தங்கிப்போகிறார்கள். திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள குணசீலத்துக்கு மனநோய் உள்ளவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை இந்தப் பணிக்கு வருகிறவர்கள் ஒருபோதும் மறக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, திரிந்துகொண்டிருக்கும் மனநோயாளியைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக அழைத்துச் செல்ல வேண்டும். சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவரிடம் படிவத்தோடு போய்ப் பெயர் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். முதலில் எதிரே உள்ள டீக்கடைக்காரரிடம் பேசுங்கள்; படுத்திருப்பவர் என்ன சாப்பிடுகிறார், எந்த மொழியில் முணுமுணுக்கிறார், இரவில் எங்கே ஒதுங்குகிறார் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். பிறகு பக்கத்தில் தரையில் உட்காருங்கள். பெயர் தானாக வரும். சில நேரம் ஊர்ப் பெயர் மட்டும் வரும், அதுவே போதும்.

சிகிச்சைக்குப் பிறகு அவரை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எல்லோரும் அழுவார்கள், அதோடு கோப்பு மூடப்படும். மாத்திரை தீர்ந்த பின் யார் வாங்கித் தருவது என்று எவரும் கேட்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளர் நாள் எது என்பதை அந்த வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வராதவர், என் கணக்கில், அவரை இன்னும் வீடு சேர்க்கவில்லை.

வேலைகள் இருக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ‘சகி’ மையங்களில் வழக்குப் பணியாளர். குழந்தைகள் இல்லங்களிலும் நகர்ப்புற வீடற்றோர் விடுதிகளிலும் பணியாளர்கள். பெரும்பாலானவை தொகுப்பூதிய ஒப்பந்தப் பணிகள். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசிச் சேவை 2023இல் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசின் கைக்கு மாறியபோது, ஊர் ஊராக ஆட்களை அறிந்து வைத்திருந்த பலர் வெளியேற நேர்ந்ததை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இந்த வேலையில் அனுபவம் என்பது அந்த அறிமுகம்தான். ஆள் போனால் அதுவும் போய்விடும். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் ஒருவரிடம், ஒரு குடும்பத்தோடு மூன்று ஆண்டுகள் நில் என்று நாம் எப்படிக் கேட்பது? பணி நிரந்தரமும் கௌரவமான ஊதியமும் பணியாளர்களின் நலனுக்காக மட்டும் கேட்கப்படுபவை அல்ல. அந்தக் குழந்தைகளுக்காகவும்தான் கேட்கிறோம்.

நிற்பது என்றால் என்ன என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்கு வந்த காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடவில்லை. இங்கேயே தங்கினார், 1981இல் கணவரோடு லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே, நிலம் கிடைக்கச் செய்தார்.

பணியிட அறிவிப்புகள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் வருகின்றன. விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு என்பதால் வாரம் ஒருமுறையாவது பாருங்கள். களப்பணிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் குழந்தைகள் நலக் குழு அமர்வு நடக்கும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். தொண்டு நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால், நேர்காணலின் முடிவில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா’ என்பார்கள். மீட்கப்பட்ட குழந்தையின் வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துப் போய்வர இங்கே பணமும் நாளும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். சம்பளத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.