வாட்ஸ் இருக்கட்டும், மொதல்ல சென்சிட்டிவிட்டி பாருங்க

ஆம்ப்ளிஃபையர் வாங்கணும்னு வர்ற எல்லாரும் மொதல்ல கேக்கறது எத்தனை வாட்ஸ்னுதான், என்னைக் கேட்டா அதைக் கடைசியாத்தான் பாக்கணும். ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி (குடுக்கற பவருக்கு எவ்ளோ சத்தம் போடுதுங்கறது), நீங்க உக்கார்ற தூரம், ரூம் சைஸ் இது மூணும் தெரிஞ்சாலே எத்தனை வாட்ஸ் வேணும்னு தானா வந்துடும்.

87 டெசிபல்னு போட்ட ஸ்பீக்கர்னா 1 வாட் குடுத்தா 1 மீட்டர்ல 87 டெசிபல் சத்தம் வரும். 3 மீட்டர் தள்ளி உக்காந்தா சாதாரண ரூம்ல ஒரு ஆறு டெசிபல் குறையும்னு வைங்க (திறந்தவெளின்னா ஒன்பதரை, ரூம்ல சுவர் கொஞ்சம் திருப்பிக் குடுக்கும்), ரெண்டு ஸ்பீக்கர் சேந்து பாடறதால மூணு கூடும், ஆக வெறும் 1 வாட்லயே 84 டெசிபல், அதுவே நல்ல சத்தம்தாங்க! ஆனா பாட்டுல திடீர்னு டிரம் விழுற எடத்துல 15, 16 டெசிபல் எகிறும், அந்த 100 டெசிபலைத் தொட 40 வாட் வேணும். இதே ஸ்பீக்கர் 90 டெசிபலா இருந்தா 20 வாட் போதும், 84ஆ இருந்தா 80 வேணும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் டபுள், அதனாலதான் 50 வாட்டை வித்துட்டு 100 வாட் வாங்கினாலும் காதுக்கு லேசாத்தான் வித்தியாசம் தெரியும், ரெண்டு மடங்கு சத்தமா கேக்கணும்னா சுமார் பத்து மடங்கு பவர் வேணும்.

பெரிய ஹால், தூரமா சோஃபா, மேல திறந்த மாடிப்படின்னா கணக்கைத் தாராளமா போடுங்க. சின்ன பெட்ரூம்ல அவ்ளோ தேவையே இல்ல.

ஸ்பீக்கர்ல 100 வாட் போட்டிருக்கு, 120 வாட் ஆம்ப் போட்டா எரிஞ்சிடுமோன்னு பயப்படறாங்க, நிதானமா வால்யூம் வெச்சா ஒண்ணும் ஆகாது. சின்ன ஆம்பை முழுசா முறுக்கி கிளிப் ஆக விடறதுதான் ஆபத்து, அலையோட உச்சி வெட்டுப்பட்டு ஹை ஃப்ரீக்வென்ஸி கூடிப்போய் ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்குன்னு உள்ள சின்ன ஸ்பீக்கர்) சூடாகிக் கருகிடலாம்.

ஒண்ணு கவனிங்க, 4 ஓம் (ஸ்பீக்கர் கரண்டுக்குக் குடுக்கற தடையோட அளவு) ஸ்பீக்கருக்கு சென்சிட்டிவிட்டிய 2.83 வோல்ட்ல அளந்து போட்டிருந்தா அது 8 ஓம்ல மாதிரி 1 வாட் இல்ல, 2 வாட், அதனால 3 டெசிபல் கழிச்சுக்கணும். ஆம்ப் 4 ஓமைத் தாங்குமான்னும் பாத்துக்கங்க. ரிசீவர் (ரேடியோவும் ஆம்பும் ஒரே பெட்டியில இருக்கறது) வாங்கறவங்க, ரெண்டு சேனலும் சேந்து ஓடறப்போ, 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 8 ஓம்ல எத்தனை வாட்னு போட்டிருக்கோ அதை மட்டும் நம்புங்க, பிஎம்பிஓன்னு (ஒரு கணம் மட்டும் வர்ற உச்ச பவர்னு விளம்பரத்துக்குப் போடற கணக்கு) ஆயிரக்கணக்குல போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.