நோலண்டார்ஃப்பிளாட்ஸில் இறங்குங்கள்

பெர்லின் போகிறேன் அண்ணா, இரவில் எங்கே போகலாம் என்று இணையத்தில் பழக்கமான, என்னைப் போலவே தன்பாலீர்ப்பு கொண்ட (கே) தம்பிகள் அவ்வப்போது கேட்பார்கள். பாதிப் பேருக்கு பெர்க்ஹைன் கிளப் பற்றித்தான் தெரிய வேண்டும்; உள்ளே விடுவார்களா, கறுப்புச் சட்டைதான் போட வேண்டுமா என்று. அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் நாள் சாயங்காலம் ஷோனபெர்க் பகுதியில் நோலண்டார்ஃப்பிளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்குங்கள், வெளிச்சம் போவதற்கு முன்னால்.

ஸ்டேஷனின் தெற்குச் சுவரில் முக்கோண வடிவில் ஒரு கல் பதித்திருப்பார்கள். நாஜிகளின் வதைமுகாம்களில் நம்மைப் போன்ற ஆண்களின் உடையில் தைத்துவிட்ட இளஞ்சிவப்பு முக்கோணம் அது. அவர்கள் கொல்லப்பட்டார்கள், பிறகு அவர்களைப் பற்றிய பேச்சும் கொல்லப்பட்டது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. 1989இல் வைத்தார்கள். இருட்டியதும் அதே ஸ்டேஷனின் மேற்கூரை வானவில் நிறங்களில் ஒளிரும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தைக் கடந்துதான் ரயில் பிடிக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அங்கிருந்து மோட்ஸ்ட்ராஸே வழியாக நடங்கள். 1920களின் கடைசியில் எல்டோராடோ என்ற கேளிக்கை விடுதி இந்தத் தெருவில் இருந்தது. ஆண் உடையில் பெண்களும் பெண் உடையில் ஆண்களும் ஆடிப் பாடிய இடம். ஊரே வந்து பார்த்தது. 1933இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அது அடைத்துக் கிடக்கிறது, முகப்பில் ஸ்வஸ்திகா சுவரொட்டிகள், வாசலில் போலீஸார். அதே வருடம் மே 6ஆம் தேதி நாஜிகள் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அவருடைய நூலகத்துப் புத்தகங்கள் ஓபர்ன்பிளாட்ஸ் சதுக்கத்தில் அவர்கள் மூட்டிய தீயில் போயின. 1897லேயே நமக்காக ஓர் அமைப்பைத் தொடங்கிப் போராடிய மனிதர் அவர். இவ்வளவு பெரிய இரவு வாழ்க்கையைச் சில மாதங்களில் மூடிவிட முடிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஒரு பாருக்குள் நுழைந்தால், உள்ளே கேட்கும் சிரிப்பின் மதிப்பு வேறாகத் தெரியும்.

போர் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 175ஆம் பிரிவை நாஜிகள் 1935இல் கடுமையாக்கினார்கள். மேற்கு ஜெர்மனி அதை 1969 வரை அப்படியே வைத்திருந்தது. அந்தக் காலத்தில் மட்டும் சுமார் 50,000 ஆண்களுக்குத் தண்டனை. சட்டப் புத்தகத்திலிருந்து அந்தப் பிரிவு முழுதாகப் போனது 1994இல்தான். ஷோனபெர்க்கின் சில பழைய பார்களில் கதவு எப்போதும் சாத்தியிருப்பதற்கும், ஜன்னலில் உள்ளே எதுவும் தெரியாமல் மறைத்திருப்பதற்கும், மணி அடித்தால்தான் திறப்பதற்கும் காரணம் இந்த வரலாறுதான். புதிதாகப் போகிறவருக்கு அந்த மணி தயக்கத்தைத் தரும். தயங்காமல் அடியுங்கள். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பியர் குடித்துக்கொண்டு கதை பேசும் சாதாரண மனிதர்கள்.

1977இல் இதே பகுதியின் ஹௌப்ட்ஸ்ட்ராஸேயில் ஆன்டரெஸ் உஃபர் என்ற கஃபே திறந்தது. மணி இல்லை, திரை இல்லை. தெருவைப் பார்த்து பெரிய கண்ணாடி ஜன்னல்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! பக்கத்துக் கட்டடத்தில்தான் பாடகர் டேவிட் போவி அப்போது குடியிருந்தார். யாரோ கண்ணாடியை உடைத்தபோது மாற்றுவதற்கு அவர் பணம் கொடுத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். பிற்பாடு அந்த இடத்துக்கு நோயஸ் உஃபர் என்று பெயர் மாறியது.

ஜன்னலோர மேஜையில் முதல்முறை உட்கார்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெளியே போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ்காரர் யாராவது, தமிழ்க் குடும்பம் யாராவது? பக்கத்து மேஜையில் எழுபது வயதிருக்கும் ஒருவர், மாடிப்படி இறங்கிப் போகும் பார்களில்தான் தன் இளமை கழிந்தது என்றும், இப்போது எங்கே போனாலும் ஜன்னலோரத்தில்தான் உட்காருவேன் என்றும் சொன்னார். அரை மணி நேரத்தில் என் தோள் தளர்ந்துவிட்டது. இருந்த இடத்திலேயே இன்னொரு காபி சொன்னேன்.

சரி, பெர்க்ஹைன். பழைய மின்நிலையக் கட்டடம். வாசலில் யாரை விடுவார்கள், யாரை விடமாட்டார்கள் என்று சூத்திரம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். உள்ளே போனால் உங்கள் போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள், படம் எடுக்கக்கூடாது. நகரத்தின் வேறு பல கிளப்களிலும் இதே வழக்கம். இரவில் ஆடியவருக்குக் காலையில் தன் படம் எங்கே சுற்றுகிறதோ என்ற கவலை இல்லை. கண்ணாடி ஜன்னலும் இந்த ஸ்டிக்கரும் எனக்கு ஒரே விஷயமாகத்தான் படுகின்றன: என்னை யார் பார்க்கலாம் என்பதை நானே முடிவு செய்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லாத எத்தனையோ பேருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிளப்களின் கூட்டமும் டெக்னோ இசையும் ஒத்துவராதவர்களுக்கு கிராய்ஸ்பெர்க் பகுதி இருக்கிறது. கொட்புஸர் டோரில் ஒரு காலத்து ஃபர்னிச்சர் கடையில் இயங்கும் மோபல் ஓல்ஃபே பார் எனக்குப் பிடித்தது. ஓரானியன்ஸ்ட்ராஸேயின் எஸ்ஓ36 அரங்கில் கேஹானே என்று ஓர் இரவு நடத்துகிறார்கள். துருக்கி, அரபு, பால்கன் பாட்டுக்களுக்கு நடுவே இந்திப் பாட்டும் வரும். அங்கே ஒரு பையன் என் காதருகே வந்து, "அண்ணா, நீங்கள் தமிழோ?" என்றான். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிறந்தது ஜெர்மனியில். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றான். விடியும்வரை பேசினோம். ஐரோப்பாவில் எத்தனையோ கே பார்களில் தனியாக நின்றிருக்கிறேன்; தமிழில் ஒருவரோடு இதைப் பற்றி மனம் திறந்தது அங்கேதான்.

மற்றவை சுருக்கமாக. மேற்கு பெர்லினில் 1949லேயே பார்களுக்கு மூடும் நேரத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் பத்து மணிக்கு முன் போய்விட்டுக் கூட்டமில்லை என்று வருந்தாதீர்கள். வெள்ளி, சனி இரவுகளில் யூபான் ரயில் விடியவிடிய ஓடும். கையில் யூரோ நோட்டு இருக்கட்டும். கார்டு வாங்காத பார்கள் நிறைய. என்ன, எங்கே என்று பார்க்க ஸீகஸ்ஸாய்லெ என்ற இலவச மாத இதழ் பார்களிலேயே கிடைக்கும். ஜூலையில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் டே என்ற பிரைட் ஊர்வலம், நம் பெருமித ஊர்வலம். அதற்கு முந்தைய வார இறுதியில் நோலண்டார்ஃப்பிளாட்ஸைச் சுற்றித் தெருவிழா நடக்கும். முதல்முறை போகிறவருக்கு ஊர்வலத்தைவிடத் தெருவிழாதான் நல்லது, நின்று பேசலாம்.

பெர்லினிலும் கைகோத்துப் போனவர்களை அடித்த சம்பவங்கள் உண்டு. நள்ளிரவில் தனியாகத் திரும்பும்போது கவனம் தேவை. ஏதாவது நடந்தால் போலீஸுக்கு 110. பிறகு மனேயோ என்ற அமைப்பிடம் பேசுங்கள். 1990இலிருந்து இந்த வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அவர்கள் துணை நிற்கிறார்கள். போலீஸிலும் நமக்கென்று தொடர்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். புகார் கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து பேசாமல் வந்துவிடாதீர்கள்.